தியோடோசியஸ் தூணின் பளிங்குப் பீடம்: இஸ்தான்புல் செல்வோருக்கு ஒரு மதிப்பீடு

இஸ்தான்புல்லின் சுல்தானஹ்மத் சதுக்கத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அங்கு நிற்கும் எகிப்தியத் தூணை அண்ணாந்து பார்த்து, ஒரு படம் எடுத்துக்கொண்டு, அருகிலுள்ள நீல மசூதிக்கோ ஹகியா சோபியாவுக்கோ நடந்துவிடுகிறார்கள். அத்தூணைத் தாங்கி நிற்கும் பளிங்குப் பீடத்துக்கு அவர்கள் ஒதுக்கும் நேரம் மிகக் குறைவு. கி.பி. 390இல் பேரரசர் முதலாம் தியோடோசியஸின் பெயரால் நிறுவப்பட்ட அந்தப் பீடம், இரண்டு மொழிகளில் கல்வெட்டும், நான்கு பக்கங்களிலும் புடைப்புச் சிற்பங்களும், நீர்க்குழாய் சென்ற தடங்களும் கொண்டது. பிற்கால உரோமப் பேரரசு தன் குடிமக்களுக்கு முன் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பியது என்பதை இவ்வளவு நேரடியாகச் சொல்லும் ஒரு கல், முதலில் நிறுவப்பட்ட இடத்திலேயே, திறந்த வெளியில், நுழைவுக் கட்டணம் ஏதுமின்றிப் பார்க்கக் கிடைப்பது அரிது. அந்த நகரில் அரை நாள் மட்டுமே கையில் இருக்கும் ஒருவர் என்னிடம் கேட்டாலும், இப்பீடத்தின் நான்கு பக்கங்களையும் சுற்றிவந்து படிக்க ஒரு மணி நேரத்தை ஒதுக்குங்கள் என்றே சொல்வேன்.

இடத்தை அடைவதில் தொல்லை எதுவும் இல்லை. டி1 டிராம் தடத்தில் சுல்தானஹ்மத் நிறுத்தத்தில் இறங்கினால் சில நிமிட நடையில் சதுக்கம் வந்துவிடும். இன்று மரங்களும் நடைபாதைகளும் உள்ள நீண்ட வெளியாகத் தெரியும் இந்த இடம், இஸ்தான்புல்லின் பழைய பெயரான கான்ஸ்டான்டிநோபிளில் இருந்த நகரின் தேரோட்டத் திடலாகிய ஹிப்போட்ரோம் இருந்த இடம். குதிரைகள் ஓடிய பாதையை நடுவில் இரண்டாகப் பிரித்த நீண்ட திட்டு ஒன்று இருந்தது. அதன் மேல் நிறுவப்பட்டிருந்த எண்ணற்ற நினைவுச்சின்னங்களில் மூன்று மட்டுமே இன்று எஞ்சியுள்ளன. வடக்கிலிருந்து தெற்காக நடந்தால் முதலில் தியோடோசியஸ் தூண், அடுத்து வெண்கலப் பாம்புத் தூண், கடைசியாகக் கற்களை அடுக்கிக் கட்டிய உயரமான தூண் என்ற வரிசையில் அவை நிற்கின்றன. இம்மூன்றையும் இணைத்து மனத்தில் ஒரு கோடு வரைந்துகொண்டால், தேர்கள் எந்த அச்சைச் சுற்றி ஓடின என்பது உடனே விளங்கும்.

பல நூற்றாண்டுகளில் சதுக்கத்தின் தரைமட்டம் உயர்ந்துவிட்டதால், இச்சின்னங்கள் பழைய தரைமட்டத்தில், இன்றைய தரையைவிடத் தாழ்ந்த குழிகளுக்குள் நிற்கின்றன. சுற்றிலும் இரும்புக் கம்பி வேலி உண்டு. இதனால் பார்வையாளருக்கு ஒரு நன்மையும் ஒரு குறையும் ஏற்படுகின்றன. பீடத்தின் மேற்பகுதிச் சிற்பங்கள் அன்றைய மக்கள் கண்ட உயரத்தைவிட நம் கண்மட்டத்துக்கு நெருங்கி வந்துவிட்டன. அரசவையினரின் ஆடை மடிப்புகளையும் காவலரின் கேடயங்களையும் கழுத்து வலிக்காமல் பார்க்க முடிகிறது. ஆனால் கல்வெட்டுகள் உள்ள கீழ்ப்பகுதி தாழ்ந்து கிடப்பதாலும் வேலி நம்மைத் தள்ளி நிறுத்துவதாலும், எழுத்துகளை வெறுங்கண்ணால் தொடர்ந்து படிப்பது கடினம். சிறிய இருகண் தொலைநோக்கி ஒன்றைக் கையில் கொண்டு செல்லுமாறு அழுத்தமாகப் பரிந்துரைக்கிறேன். கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கிப் பார்ப்பது ஓரளவுக்கு உதவும் என்றாலும், வெயில் நேரத்தில் திரையைப் பார்ப்பதே தனிப் போராட்டமாகிவிடும்.

பீடத்தின் அமைப்பை முதலில் புரிந்துகொள்வது நல்லது. அடியில் ஒரு பெரிய பளிங்குக் கல், அதன் மேல் மற்றொரு பளிங்குக் கல் என இரண்டு அடுக்குகள் உள்ளன. இரண்டும் மர்மரா கடலிலுள்ள புரொக்கொனேசோஸ் தீவின் சாம்பல் கலந்த வெண்பளிங்கைச் சேர்ந்தவை. மேல் கல்லின் நான்கு மூலைகளில் நான்கு வெண்கலக் கட்டிகள் வைக்கப்பட்டு, அவற்றின் மீதுதான் செங்கருங்கல் தூண் முழுவதும் நிற்கிறது. தூணுக்கும் பீடத்துக்கும் இடையே வெளிச்சம் ஊடுருவும் இடைவெளி இருப்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. பதினாறு நூற்றாண்டுகளாக நிலநடுக்கங்களுக்குப் பெயர்போன ஒரு நகரில் அந்தப் பெருங்கல் நான்கு சிறிய கட்டிகளின் மேல் அசையாமல் நிற்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால், அதை நிமிர்த்தியவர்களின் கணக்கீட்டின் மீது பெரும் மதிப்பு ஏற்படுகிறது. கீழ் அடுக்கின் மூலைகளில் உடைந்த பகுதிகளுக்கு மாற்றாகச் செந்நிறக் கற்கள் பொருத்தப்பட்டிருப்பதையும் காணலாம்.

தூணின் முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கி.மு. 15ஆம் நூற்றாண்டில் எகிப்திய மன்னர் மூன்றாம் துத்மோஸ் கர்நாக் கோயிலில் நிறுவிய ஒபெலிஸ்க், அதாவது உச்சி கூம்பிய நான்முக ஒற்றைக்கல் தூண் இது. கி.பி. நான்காம் நூற்றாண்டில் கர்நாக்கிலிருந்து அகற்றப்பட்ட தூண்களில் ஒன்று, உரோமப் பேரரசர் இரண்டாம் கான்ஸ்டான்டியஸ் காலத்தில், 357இல் உரோம் நகரின் பெருந்திடலில் நிறுவப்பட்டு, இன்று இலாத்தரன் பேராலயத்தின் அருகே நிற்கிறது. மற்றொன்று அலெக்சாண்ட்ரியாவில் தங்கிவிட்டது. அதை அனுப்பிவைக்கும்படி பேரரசர் ஜூலியன் அந்நகர மக்களுக்கு எழுதிய கடிதம் இன்றும் கிடைக்கிறது. இறுதியில் தியோடோசியஸ் ஆட்சியில்தான் அது நிமிர்ந்தது. அதற்குள் அதன் அடிப்பகுதி உடைந்துபோய்விட்டதால், மூலத்தில் ஏறக்குறைய 30 மீட்டர் இருந்திருக்கக்கூடிய தூணில் 20 மீட்டருக்கும் சற்றுக் குறைவான பகுதியே இங்கே நிற்கிறது. எகிப்தியச் சித்திர எழுத்துகள் கீழ் முனையில் பாதியில் அறுபட்டு நிற்பதைக் கவனித்தால் இது தெளிவாகும். தூணின் எழுத்துகள் பீடத்தின் எழுத்துகளைவிட ஏறத்தாழ பதினெட்டு நூற்றாண்டுகள் மூத்தவை. ஆனாலும் கருங்கல்லின் உறுதியால் அவை நேற்று வெட்டியவைபோல் கூர்மையாக இருக்க, இளையதான பளிங்கு மழையிலும் காற்றிலும் கரைந்து முகங்களை இழந்துவிட்டது.

இனிக் கல்வெட்டுகள். இப்பீடத்துக்காக நேரம் செலவிடச் சொல்வதற்கு முதற்காரணம் இவைதான். கீழ் அடுக்கின் கிழக்குப் பக்கத்தில் இலத்தீன் மொழியில் ஐந்து அடிச் செய்யுளும், மேற்குப் பக்கத்தில் கிரேக்க மொழியில் நான்கு அடிச் செய்யுளும் வெட்டப்பட்டுள்ளன. இலத்தீன் செய்யுளில் தூணே பேசுகிறது. முன்பு எளிதில் பணியாதிருந்த தான், அமைதியார்ந்த அரசர்களுக்குக் கீழ்ப்படியவும், மாண்டொழிந்த கொடுங்கோலர் மீது பெற்ற வெற்றியின் வாகையைச் சுமக்கவும் ஆணையிடப்பட்டதாக அது கூறுகிறது. தியோடோசியசுக்கும் அவருடைய அழியாத வழித்தோன்றல்களுக்கும் எல்லாம் பணிகின்றன என்றும், அவ்வாறே தானும் வெல்லப்பட்டு, மும்முறை பத்து நாள்களில் அடக்கப்பட்டு, புரோக்லஸ் நகரை ஆண்டபோது விண்ணை நோக்கி உயர்த்தப்பட்டதாகவும் முடிக்கிறது. சோழர் மெய்க்கீர்த்திகளைப் படித்துப் பழகிய ஒருவருக்கு, பகைவரின் வீழ்ச்சியையும் மன்னரின் புகழையும் ஒரே மூச்சில் சொல்லும் இந்தத் தொனி உடனே பிடிபடும்.

மேற்குப் பக்கத்துக் கிரேக்கச் செய்யுளின் போக்கு வேறு. எந்நாளும் மண்ணில் சுமையாய்க் கிடந்த நான்முகத் தூணை நிமிர்த்தத் துணிந்தவர் பேரரசர் தியோடோசியஸ் ஒருவரே என்றும், அதற்காகப் புரோக்லஸை அழைத்தார் என்றும், இத்துணைப் பெரிய தூண் 32 நாள்களில் எழுந்து நின்றது என்றும் அது சொல்கிறது. இங்கே கொடுங்கோலர் இல்லை, வழித்தோன்றல்களும் இல்லை; வேலையின் கடினமும் அதைத் துணிந்த ஒருவரின் பெயரும் மட்டுமே உள்ளன. இலத்தீன் 30 நாள் என்கிறது, கிரேக்கம் 32 நாள் என்கிறது. இரண்டும் செய்யுள் ஆதலால், அந்தந்த யாப்புக்கு இசைந்த எண்ணைக் கவிஞர் எடுத்துக்கொண்டார் என்று கொள்வதே எனக்கு இயல்பாகத் தோன்றுகிறது. எப்படி ஆனாலும், ஒரு மாத அளவில் இந்தப் பணி முடிந்தது என்பதில் இரு பக்கங்களும் ஒன்றுபடுகின்றன.

எந்த மொழி எந்தத் திசையை நோக்குகிறது என்பதைக் களத்தில் நின்று பார்க்கும்போதுதான் முழுமையாக உணர முடிகிறது. பேரரசரின் மாடம் திடலின் கிழக்குப் பக்கத்தில், அரண்மனையோடு இணைந்ததாக இருந்தது. எனவே ஆட்சி மொழியாகிய இலத்தீன் அந்த மாடத்தை நோக்கியும், நகர மக்கள் பேசிய கிரேக்கம் எதிர்ப்புறப் பார்வையாளர் இருக்கைகளை நோக்கியும் அமைந்தன. கொடுங்கோலரை வீழ்த்திய வெற்றியும் வாரிசுகளின் நிலைபேறும் அரசவைக்குச் சொல்லப்பட்டன. மலைக்கவைக்கும் பெருஞ்செயல் மக்களுக்குச் சொல்லப்பட்டது. புத்தகத்தில் இரு செய்யுள்களையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு இந்த ஏற்பாடு கண்ணில் படாது. வேலியைச் சுற்றிக் கிழக்கிலிருந்து மேற்குக்கு நடந்தால் அது கால்களுக்கே தெரிந்துவிடும்.

கல்வெட்டில் குறிப்பிடப்படும் கொடுங்கோலர் யார் என்பதையும் தெரிந்துகொண்டு போவது நல்லது. மேற்குப் பகுதிகளில் ஆட்சியைக் கைப்பற்றிய மாக்னஸ் மாக்சிமஸும் அவருடைய மகன் விக்டரும் 388இல் கொல்லப்பட்டனர். அந்தப் போருக்குப் பின் தியோடோசியஸ் இத்தாலியிலேயே தங்கி, 391இன் பிற்பகுதியில்தான் கான்ஸ்டான்டிநோபிளுக்குத் திரும்பினார். அதாவது தூண் நிமிர்த்தப்பட்டபோது, பீடத்தின் நான்கு பக்கங்களிலும் நடுநாயகமாக வீற்றிருக்கும் பேரரசர் நகரிலேயே இல்லை. அவர் இல்லாத தலைநகரில் அவருடைய இருப்பைக் கல்லில் நிலைநாட்டும் பணி நகர ஆளுநர் புரோக்லஸின் பொறுப்பில் நடந்தது. கல்வெட்டு இரண்டிலும் அவர் பெயர் இடம்பெற்றதற்கு இதைவிடத் தக்க காரணம் தேவையில்லை.

அந்தப் பெயருக்கு நேர்ந்ததுதான் இக்கல்லின் மிக உருக்கமான பகுதி. புரோக்லஸின் தந்தை தாத்தியானஸ், பேரரசின் கிழக்குப் பகுதி முழுவதையும் நிர்வகித்த உயர் அதிகாரி. இன்றைய துருக்கியின் தென்மேற்கிலுள்ள லிசியா நாட்டைச் சேர்ந்த தந்தையும் மகனும் ஒரே நேரத்தில் உச்சப் பதவிகளில் இருந்தனர். அரசவையில் அவர்களுக்குப் போட்டியாளராக இருந்த ரூஃபினஸ் என்ற அதிகாரியின் எழுச்சியோடு அவர்கள் நிலை குலைந்தது. தாத்தியானஸ் பதவி இழந்து நாடு கடத்தப்பட்டார். புரோக்லஸ் 393இல் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். பொதுக் கல்வெட்டுகளிலிருந்து அவர்களுடைய பெயர்கள் செதுக்கி அகற்றப்பட்டன. 395 நவம்பரில் ரூஃபினஸ் கொல்லப்பட்ட பிறகு அவர்களுடைய நற்பெயர் மீட்கப்பட்டு, பீடத்திலும் புரோக்லஸின் பெயர் மறுபடியும் வெட்டப்பட்டது. தொலைநோக்கியில் பார்க்கும்போது, அந்தப் பெயர் உள்ள இடத்தில் கல்லின் பரப்பு சுற்றிலும் உள்ள பரப்பைவிடச் சற்றுக் குழிந்திருப்பதைக் காணலாம். ஆறே ஆண்டுகளுக்குள் ஒரு மனிதரின் உயர்வும் கொலையும் மன்னிப்பும் ஒரு சொல் அளவே உள்ள பளிங்குப் பரப்பில் நிகழ்ந்துள்ளன. நான் அந்த நகரில் பார்த்த பொன் மொசைக்குகள் எவையும் இந்தச் சிறு குழிவைப் போல் என்னைத் தடுத்து நிறுத்தவில்லை.

மேல் அடுக்கின் சிற்பங்களுக்கு வருவோம். நான்கு பக்கங்களிலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே: மேலே அரசமாடம், அதில் பேரரசரும் குடும்பத்தினரும், இருபுறமும் அரசவையினரும் காவலரும், கீழே மற்றவர்கள். பெரும்பாலோர் நேராக நம்மைப் பார்க்கிறார்கள். உருவங்களின் அளவு தூரத்தைப் பொறுத்து மாறவில்லை, தகுதியைப் பொறுத்து மாறுகிறது. முந்தைய உரோமச் சிற்பங்களில் காணும் உடல் அசைவும் ஆழமும் இங்கே வேண்டுமென்றே கைவிடப்பட்டுள்ளன. இதைக் கலையின் வீழ்ச்சி என்று சொல்லும் பழைய கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை. தொலைவில் அமர்ந்திருந்த ஆயிரக்கணக்கானோர் ஒரே பார்வையில் யார் எங்கே நிற்கிறார் என்று அறிய வேண்டிய இடத்தில் வரிசையும் அளவும்தான் பேச வேண்டும். பின்னர் வந்த பைசாந்தியக் கலை முழுவதும் கைக்கொண்ட இந்த நேர்முகப் பார்வையை, அது உருவாகிக்கொண்டிருந்த நாள்களிலேயே இங்கே காண்கிறோம்.

கிழக்கு நோக்கிய பக்கமே நான்கிலும் சிறந்தது. அதில் பேரரசர் எழுந்து நின்று, வெற்றி பெறுவோருக்குரிய மாலையைக் கையில் ஏந்தியிருக்கிறார். மாடத்துக்குக் கீழே பார்வையாளர்களின் தலைகள் நெருக்கமான வரிசைகளாக உள்ளன. அதற்கும் கீழே, மிகச் சிறிய உருவங்களாக, ஆடல் மகளிரும் குழல் ஊதுவோரும் உள்ளனர். அந்த வரிசையின் இரு முனைகளிலும் உள்ள இசைக்கருவிகளைத் தவறவிடக் கூடாது. குழாய்கள் நிறைந்த ஆர்கன் கருவிகள் அவை. காற்றூட்டும் துருத்தியை இயக்குவோரும் காட்டப்பட்டிருப்பதால், இசை வரலாற்றை எழுதுவோர் இச்சிற்பத்தை அடிக்கடி எடுத்துக்காட்டுகிறார்கள். இசையில் ஆர்வமுள்ளவர்கள் இந்த ஒரு வரிசைக்காகவே தொலைநோக்கியோடு வரலாம்.

மேற்கு நோக்கிய பக்கத்தில் அயல்நாட்டார் மண்டியிட்டுத் திறைப்பொருள் நீட்டுகிறார்கள். ஒருபுறம் கீழைநாட்டுத் தொப்பி அணிந்தோரும், மறுபுறம் விலங்குத்தோல் ஆடை அணிந்தோரும் உள்ளனர். மக்கள் இருக்கைகளை நோக்கிய பக்கத்தில் எல்லை கடந்த மக்களின் பணிவு காட்டப்பட்டது தற்செயலாக இருக்க முடியாது. மற்ற இரு பக்கங்களிலும் அரச குடும்பம் விளையாட்டுகளைப் பார்க்கும் காட்சிகளே உள்ளன. மாடத்தில் இருப்போரில் எவர் தியோடோசியஸ், எவர் மேற்கை ஆண்ட உடன்பேரரசர் இரண்டாம் வாலன்டினியன், எவர் தியோடோசியஸின் இளம் மகன்களாகிய அர்க்காடியஸும் ஹொனோரியஸும் என்பதில் அறிஞர்கள் நெடுங்காலமாக மாறுபடுகிறார்கள். தேய்ந்துபோன முகங்களைப் பார்த்தால் அந்த விவாதம் எளிதில் முடியாது என்பது புரியும்.

கீழ் அடுக்கில் கல்வெட்டு இல்லாத இரு பக்கங்களும் சிறியவர்களுக்கு மிகவும் பிடிக்கும். தென்மேற்குப் பக்கத்தில் திடலில் தேர்கள் ஓடும் காட்சி உள்ளது. வடகிழக்குப் பக்கத்தில் இதே தூணை இழுத்து நிமிர்த்தும் காட்சி உள்ளது: தரையில் கிடக்கும் நீண்ட கல், அதைப் பிணைத்த கயிறுகள், கயிறுகளைச் சுற்றும் மரப்பொறிகளைத் தள்ளிச் சுழற்றும் ஆள்கள். தன்னை நிறுவிய வேலையைத் தன் மீதே பதிவுசெய்துகொண்ட நினைவுச்சின்னங்கள் பழைய உலகில் மிகச் சில. பேரரசரைப் புகழ்வதற்கென்றே எழுந்த ஒரு பீடத்தில், கயிற்றைப் பிடித்துத் தள்ளிய கூலியாள்களுக்கும் ஓர் இடம் கிடைத்திருப்பது எனக்கு மனநிறைவைத் தருகிறது. பொறியியல் படிக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர் இந்தப் பக்கத்திலிருந்தே தொடங்கலாம்.

பீடத்தின் மற்றொரு பணி பெரும்பாலான பார்வையாளருக்குத் தெரியாமலே போகிறது. திடலின் நடுத்திட்டு வெறும் மதிலாக இருக்கவில்லை. நீரோடும் தொட்டிகளும் நீரூற்றுகளும் அதில் இருந்தன. கான்ஸ்டான்டிநோபிளில் அதற்கு வழங்கிய யூரிபோஸ் என்ற பெயரே நீர்க்கால்வாயைக் குறிக்கிறது. தியோடோசியஸ் பீடத்தின் கீழ்க் கல்லில் நீர்க்குழாய்க்காகக் குடைந்த தடங்கள் உள்ளன. அடுத்துள்ள பாம்புத் தூணும் ஒரு கட்டத்தில் நீரூற்றாகப் பயன்பட்டதை 1927இல் தொடங்கிய பிரித்தானிய அகழாய்வு வெளிப்படுத்தியது. வாலன்ஸ் பேரரசரின் பெயரால் அறியப்படும் நீர்ப்பாலம் 373இல் நிறைவுற்று நகருக்குத் தொலைதூர நீரைக் கொண்டுவந்திருந்தது. இயற்கையான நன்னீர் குறைந்த ஒரு நகரில், கோடை வெயிலில் அமர்ந்திருந்த கூட்டத்தின் கண்முன் நீரைப் பாய்ச்சிக் காட்டுவதும் அரசின் வலிமையை அறிவிக்கும் செயலே. எல்லாம் பணிகின்றன என்று சொல்லும் கல்லின் காலடியில் நீரும் பணிந்து ஓடியது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தத் தடங்களைப் பார்க்க வேண்டும். இன்று குழி வறண்டு கிடக்கிறது. சதுக்கத்தின் வட முனையில் ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் வழங்கி 1901இல் திறக்கப்பட்ட எண்கோண நீரூற்று மண்டபம் மட்டுமே அந்தப் பழைய மரபை நினைவூட்டுகிறது.

எந்த நேரத்தில் செல்வது என்பது இங்கே முக்கியமான கேள்வி. இலத்தீன் கல்வெட்டும் ஆர்கன் வாசிப்போரும் உள்ள பக்கத்தில் காலை வெயில் விழும். கிரேக்கக் கல்வெட்டும் திறை செலுத்துவோரும் உள்ள பக்கத்தில் பிற்பகல் வெயில் விழும். வெயில் சாய்வாகப் படும்போதுதான் தேய்ந்த எழுத்துகளின் ஓரங்களில் நிழல் பிடித்து அவை எழும்பித் தெரிகின்றன. நண்பகலில் பளிங்கு முழுவதும் ஒரே வெண்மையாகி, சிற்பங்கள் தட்டையாகிவிடும். மேகமூட்டமான நாளில் முகங்களும் ஆடைகளும் நன்றாகத் தெரிந்தாலும் எழுத்துகள் மங்கிவிடும். மழை பெய்து ஓய்ந்த பிறகு ஈரமான கல்லில் மீண்டும் வெட்டப்பட்ட பகுதியின் குழிவு நன்கு புலப்படுகிறது. ரமலான் மாத மாலைகளில் நோன்பு திறக்கும் குடும்பங்களால் சதுக்கம் நிறைந்துவிடும்; அந்தக் கலகலப்பு மிக இனியது என்றாலும், கல்வெட்டுப் படிக்க உகந்ததல்ல. அம்மாதத்தில் காலையிலேயே வந்துவிடுவது நல்லது.

வழிகாட்டி தேவையா என்று கேட்டால், தேவை என்பேன். ஆனால் பேசித் தெளிந்த பிறகே அமர்த்த வேண்டும். துருக்கியில் வழிகாட்டிகள் அரசு உரிமம் பெற்றவர்களாக இருக்க வேண்டும். அடையாள அட்டையைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். வழக்கமான குழுச் சுற்றுலாக்களில் இந்தத் தூணுக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. எகிப்திலிருந்து வந்தது, இத்தனை மீட்டர் உயரம், இத்தனை ஆண்டு பழமை என்ற மூன்று செய்திகளோடு குழு நகர்ந்துவிடும். நான் ஒருமுறை சேர்ந்துகொண்ட அத்தகைய சுற்றில் புரோக்லஸின் பெயர்கூட உச்சரிக்கப்படவில்லை. பின்னர் தனியாக அமர்த்திக்கொண்ட வழிகாட்டி, தொல்லியல் படித்த ஓர் அம்மையார், முதலில் என்னை மேற்குப் பக்கத்தில் நிறுத்தி, இங்கிருந்து மக்கள் எதைப் பார்த்தார்கள் என்று கேட்டு, அதன் பிறகே கிழக்குப் பக்கத்துக்கு அழைத்துச் சென்றார். கிரேக்க வரிகளை ஓசையோடு படித்துக் காட்டினார். நீர்த்தடங்களைத் தானாகவே சுட்டிக்காட்டினார். அவருக்குக் கொடுத்த கட்டணம் குழுச் சுற்றைவிடக் கூடுதல்தான். ஒவ்வொரு லிராவும் தகும். அமர்த்தும் முன், பீடத்தின் இரு கல்வெட்டுகளையும் படித்து விளக்க முடியுமா என்ற ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள். விடையின் தெளிவிலிருந்தே வேலை தெரிந்தவரை அடையாளம் கண்டுகொள்ளலாம்.

வழிகாட்டி வேண்டாம் என்பவர்கள் இரு செய்யுள்களின் மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் ஒரு தாளில் அச்சிட்டு எடுத்துச் செல்லலாம். எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்க இலத்தீன் தெரிந்திருக்க வேண்டியதில்லை; பெரிய எழுத்துகளில் வெட்டப்பட்டிருப்பதால் ஆங்கில எழுத்து அறிந்த பள்ளிச் சிறுவர்கூட தியோடோசியஸ் என்ற பெயரை மூன்றாம் அடியில் கண்டுபிடித்துவிடுவார்கள். என் உறவினர் வீட்டுப் பிள்ளைகள் அந்தத் தேடலில் காட்டிய ஊக்கத்தை மசூதிகளிலும் அரண்மனையிலும் நான் பார்க்கவில்லை.

குறைகள் என்று சொல்லத்தக்கவை சில உண்டு. நிழல் தரும் இடம் பீடத்தின் அருகில் குறைவு. கோடையில் தொப்பியும் தண்ணீரும் இல்லாமல் ஒரு மணி நேரம் நிற்க முடியாது. கம்பளக் கடைக்கு அழைப்போர் நட்பாகப் பேச்சுக் கொடுப்பார்கள். மரியாதையாக மறுத்துவிட்டு வேலையைத் தொடரலாம். இவற்றைவிடப் பெரியது, திறந்த வெளியில் பளிங்கு தொடர்ந்து தேய்ந்துகொண்டிருக்கிறது என்ற கவலை. நகரப் புகையும் மழையும் முகங்களை மேலும் கரைக்கின்றன. இடத்தை விட்டுப் பெயர்த்தால் திசைகளோடு பிணைந்த பொருள் அழிந்துவிடும் என்பதால், இதை அருங்காட்சியகத்துக்குள் கொண்டுசெல்ல வேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மழைநீர் படியாதவாறு மேலே ஏதேனும் காப்பு அமைக்க முடிந்தால் நன்று.

பீடத்தைப் பார்த்து முடித்தவர்கள் இஸ்தான்புல் தொல்லியல் அருங்காட்சியகத்தில் உள்ள போர்ஃபிரியஸ் பீடங்களையும் பார்க்க வேண்டும். கி.பி. 500ஐ ஒட்டிய ஆண்டுகளில் புகழின் உச்சியில் இருந்த தேரோட்டி போர்ஃபிரியஸுக்கு இதே திடலில் எழுப்பிய சிலைகளில் இரண்டின் பளிங்குப் பீடங்கள் அவை. சிலைகள் மறைந்துவிட்டன, நான்கு குதிரைத் தேரும், ஆர்ப்பரிக்கும் ஆதரவாளர்களும், கிரேக்கப் புகழ்ப்பாக்களும் பீடங்களில் எஞ்சியுள்ளன. தியோடோசியஸ் பீடத்தில் மிகச் சிறியவராகக் கீழே நின்ற பாமரப் பார்வையாளர், ஒரு நூற்றாண்டு கழித்துத் தம் நாயகனுக்கு அதே வடிவில் கல் எழுப்பியிருப்பதை அங்கே காணலாம். அங்கே எழுத்துகளை மிக அருகில் நின்று பார்க்க முடிகிறது. அருங்காட்சியகத்தின் அரங்குகள் புதுப்பிப்புப் பணிக்காக அவ்வப்போது மூடப்படுவதால், அவை திறந்திருக்கின்றனவா என்பதை முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள். காலையில் சதுக்கத்தில் இலத்தீன் பக்கத்தைப் பார்த்துவிட்டு, வெயில் உச்சிக்கு ஏறும்போது குல்ஹானே பூங்காவை ஒட்டிய அந்த அருங்காட்சியகத்துக்கு நடந்து சென்று, பிற்பகலில் கிரேக்கப் பக்கத்துக்குத் திரும்புவது ஒரு நாளுக்கு மிகப் பொருத்தமான வரிசை.